வெளிநாட்டுப் பயணிகளை வரவழைக்கும் தொழிலுக்கு அரசு எப்படி உதவ வேண்டும்? இலங்கை பட்ட பாட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் தொழிலுக்கு அரசு ஏன் பொதுப் பணத்தைச் செலவழிக்க வேண்டும்? செலவழித்தால் அது உண்மையில் யார் கைக்குப் போகிறது? யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அரசை நம்பி இறங்கலாமா?"

நான் கொழும்பிலும் பிறகு யாழ்ப்பாணத்திலுமாக இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். வெளிநாட்டுக் குழுக்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரவேற்று, நாடு சுற்றிக் காட்டி, திரும்ப விமானம் ஏற்றிவிடும் வேலை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தரும் காசை விட, ஒன்றை முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நிற்பதுதான் எங்களுக்கு அது செய்யக்கூடிய பெரிய உதவி. காசு உதவியும் வேண்டும்தான். ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவனுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அவன் வானை விற்றுவிடுகிறான்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தொழிலில் விலை எப்படிப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் பயண நிறுவனம் ஒன்று அடுத்த வருடத்துக்கான விளம்பரப் புத்தகத்தை இந்த வருடமே அச்சடிக்கிறது. அதற்காக எங்களிடம் விலை கேட்கும். நாங்கள் ஹோட்டல் அறை, வாகனம், சாரதி, வழிகாட்டி, சீகிரியா நுழைவுச்சீட்டு, யால சரணாலய ஜீப், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, ஓர் ஆளுக்கு இத்தனை டொலர் என்று எழுதிக் கொடுப்போம். அந்த விலை நவம்பரில் தொடங்கி அடுத்த ஒக்டோபர் வரை செல்லும். இடையில் வரி கூடினாலும், நுழைவுக் கட்டணம் கூடினாலும், பெற்றோல் விலை ஏறினாலும், ஏற்கெனவே விற்ற பயணத்துக்கு மேலதிகமாக ஒரு சதமும் கேட்க முடியாது. வித்தியாசம் எங்கள் பையிலிருந்துதான் போகும். பெறுமதி சேர் வரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் 8 சதவீதமாக இறக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 ஆனது, அதே செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரியில் 18. நாடு இருந்த நிலையில் வரி கூட்டியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே வருடத்துக்குள் இரண்டு தடவை மாறுகிற வரியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாத விலையை எப்படி எழுதுவது?

சரி, அரசு ஏன் உதவ வேண்டும் என்ற முதல் கேள்விக்கு வருவோம்.

நாங்கள் விற்கும் சரக்கு எங்களுடையது அல்ல. சீகிரியாவை நான் கட்டவில்லை. கண்டிக்குப் போகும் வீதி, எல்லவுக்குப் போகும் ரயில், திருகோணமலைக் கடற்கரையின் துப்புரவு, இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போகக்கூடிய பாதுகாப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் பயணம். இதில் ஒரு துண்டு பழுதானாலும் முழுச் சரக்கும் பழுது. ஒரு தனியார் நிறுவனம் தன் ஹோட்டலுக்கு விளம்பரம் செய்யும், நாட்டுக்குச் செய்யாது. செய்தால் பலன் பக்கத்து ஹோட்டலுக்கும் போய்விடும் அல்லவா? அந்த வேலையைப் பொதுவில் யாராவது செய்தாக வேண்டும். இலங்கை அதை 1966இலேயே புரிந்துகொண்டு சுற்றுலாச் சபையை அமைத்தது. பெந்தோட்டையை உல்லாசத் தலமாக உருவாக்கியபோது தென்னந்தோப்புக் கரையில் அரசு நிலத்தை ஒதுக்கி, திட்டம் போட்டு, வசதிகளைச் செய்து கொடுத்தது. ஹோட்டல்காரர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பொதுப் பணம்" என்று நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி எங்கள் பணமே. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டப்படி, பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் மொத்த வருமானத்தில் 1 சதவீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தித் தீர்வையாகக் கட்ட வேண்டும். இலாபத்தில் அல்ல, மொத்த வரவில். விமான நிலையத்தில் வெளியேறும் பயணியிடம் வாங்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கும் அதே நிதிக்குப் போகிறது. நாட்டை உலகச் சந்தையில் விளம்பரம் செய்யும் செலவு இந்த நிதியிலிருந்துதான் வர வேண்டும். பயணிகள் வந்தால் நிதி நிறையும், வராவிட்டால் நிதியும் வற்றும். அதாவது, விளம்பரம் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் விளம்பரத்துக்குக் காசு இருக்காது. இந்தக் குறை அமைப்பிலேயே இருக்கிறது.

இனி 2019. இலங்கையை அடுத்த வருடம் பார்க்க வேண்டிய முதல் நாடாகப் பயண வழிகாட்டி நூல்களை வெளியிடும் லோன்லி பிளானட் அறிவித்தது 2018 ஒக்டோபரில். அடுத்த மாதம் இலண்டனில் புதிய விளம்பர வாசகம் வெளியானது. 2018இல் வந்தவர்கள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர், வருமானம் 438 கோடி டொலர். எங்கள் அலுவலகத்தில் புதிதாக இரண்டு பிள்ளைகளை வேலைக்கு எடுத்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. உயிர் போனவர்களுக்கு முன்னால் தொழிலைப் பற்றிப் பேசவே மனம் கூசும். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: மே மாதம் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் 37,802 பேர். முந்தின வருட மே மாதத்தை விட ஏறத்தாழ 71 சதவீதம் குறைவு.

அந்த நேரத்தில் அரசு செய்தவற்றில் எது வேலை செய்தது?

முதலாவது, பயண எச்சரிக்கைகளை நீக்க வைத்தது. இது வெளியில் தெரியாத வேலை. ஒரு நாட்டின் வெளியுறவு அலுவலகம் "இலங்கைக்குப் போகாதீர்கள்" என்று எழுதி வைத்திருந்தால், அந்நாட்டுப் பயணிக்குக் காப்புறுதி செல்லாது. காப்புறுதி இல்லாமல் எந்தப் பெரிய நிறுவனமும் ஆளை அனுப்பாது. நாங்கள் அறை விலையைப் பாதியாகக் குறைத்தாலும், இலவசமாகவே கொடுத்தாலும் ஆள் வராது. அரசு தூதரகங்களோடு உட்கார்ந்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் காட்டி, பேசிப் பேசித்தான் இதை மாற்ற முடியும். ஜூன் தொடக்கத்தில் பிரித்தானியா தன் எச்சரிக்கையைத் தளர்த்திய நாளில்தான் எங்கள் தொலைபேசி திரும்ப அடிக்கத் தொடங்கியது.

இரண்டாவது, ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 48 நாட்டவருக்கு ஆறு மாதம் வீசாக் கட்டணம் கிடையாது என்ற அறிவிப்பு. கூடவே விமான நிலையக் கட்டணங்கள் குறைக்கப்பட்டன. டிசம்பரில் வந்தவர்கள் 2,41,663 பேர். முந்தின டிசம்பரை எட்டிப் பிடிக்கும் தூரம். எட்டு மாதத்தில் இப்படி எழும்பியது வீசாவால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "ஆறு மாதம்" என்று சொன்னதும், அந்த ஆறு மாதத்தின் பின்பாதி குளிர்காலப் பருவத்துக்குள் விழுந்ததும் எங்களுக்குப் பெரிய பலம். விலையெழுதும்போது அதை நம்பி எழுத முடிந்தது.

மூன்றாவது, கடன் தவணை ஒத்திவைப்பு. 2020 மார்ச் 31 வரை முதலும் வட்டியும் கட்டத் தேவையில்லை என்று மத்திய வங்கி அறிவித்தது. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீர்கொழும்பில் இருந்து எங்களோடு ஓடிய சாரதி அண்ணன் ஒருவர். வானை அவ்வளவு அழகாக வைத்திருப்பார். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் புத்தர், பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இனிப்புப் போத்தல். வான் லீசிங்கில் எடுத்தது, மாதத் தவணை அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். ஒத்திவைப்பு அறிவித்ததும் சந்தோஷமாக ஓடினார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவர்களுக்குத்தான் சலுகை. அவர் பதிவு செய்திருந்தார். ஆனால் லீசிங் மனைவி பெயரில். மனைவி சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவர் அல்ல. "கடன்காரர் வேறு, பதிவுக்காரர் வேறு" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவரோடு இரண்டு தடவை போய்ப் பேசினேன். அங்கே இருந்த அலுவலர் கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த சுற்றறிக்கையில் அந்த நிலைமைக்கு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

சலுகை கிடைத்தவர்களுக்கும் அது நன்கொடை அல்ல. ஒத்திவைத்த வட்டி காணாமல் போகாது, பின்னால் புதுக்கடனாக வந்து உட்காரும். ஒத்திவைப்பு முடிகிற நேரத்தில் கொரோனா வந்தது. மார்ச் 2020இல் விமான நிலையம் மூடப்பட்டது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். ஒத்திவைப்பைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் மூச்சு விட இடம் தந்தது உண்மை. அதே நேரம் கடன் மலையும் வளர்ந்தது. 2021 முழு வருடத்துக்கும் நாட்டுக்கு வந்தவர்கள் ஒரு இலட்சத்து 94 ஆயிரம் பேர். வருமானம் இல்லாத வருடங்களின் வட்டியை யார் எந்த வருமானத்தில் கட்டுவது? பெரிய ஹோட்டல் குழுமங்களுக்கு வேறு தொழில்களும் இருந்தன. பத்து அறை விடுதி வைத்திருந்தவருக்கு அந்தப் பத்து அறை மட்டுமே. நீர்கொழும்பு அண்ணன் 2021இல் வானை விட்டுவிட்டார்.

பக்கத்து நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயன். 2021 ஜூன் 28ஆம் திகதி இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இரண்டு அறிவிப்புச் செய்தார். ஒன்று, மத்திய சுற்றுலா அமைச்சின் அங்கீகாரம் பெற்ற 904 பயண நிறுவனங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வரை, பதிவு பெற்ற 10,700 வழிகாட்டிகளுக்குத் தலா 1 இலட்சம் வரை கடன். அடமானம் வேண்டாம், அரசே 100 சதவீத உத்தரவாதம். வழிகாட்டி என்ற தனி மனிதனை ஒரு கடன் திட்டத்துக்குள் பெயர் சொல்லிக் கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவ்வளவு பெரிய நாட்டில் அந்தப் பட்டியலுக்குள் இருந்த நிறுவனங்கள் 904தான். மதுரையிலோ வாரணாசியிலோ ஒரே ஒரு காரை வைத்து வெளிநாட்டவரை ஏற்றியிறக்கும் மனிதர் அங்கேயும் வெளியேதான் நின்றார். இரண்டாவது அறிவிப்பு, முதலில் வரும் 5 இலட்சம் பேருக்கு இலவச வீசா, 2022 மார்ச் 31 வரை. நல்ல எண்ணம்தான். ஆனால் அறிவித்த நாளில் சுற்றுலா வீசாவே கொடுக்கப்படவில்லை. வழக்கமான விமானங்களில் வருபவர்களுக்குக் கதவு திறந்தது நவம்பர் 15ஆம் திகதி. ஒன்பது மாதச் சலுகையில் பாதி பூட்டிய கதவுக்கு முன்னால் கழிந்தது. எந்தத் திகதியில் என்ன திறக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால், அதே 100 கோடி ரூபாய் எத்தனையோ மடங்கு வேலை செய்திருக்கும்.

2022ஐப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா வாகனங்களுக்குத் தனியாக எரிபொருள் அட்டை கொடுத்தார்கள். அது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தம்புள்ளையில் நடுவழியில் பெற்றோல் முடிந்து, பின் இருக்கையில் வயதான தம்பதியோடு நின்ற ஒரு சாரதியைக் கேட்டால் அதன் அருமை தெரியும். அந்த வருடம் அரசு செய்தவற்றில் உடனே கைக்கு வந்த உதவி அதுதான் என்பேன்.

வீசா விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அரசின் உதவியும் அரசின் இடைஞ்சலும் ஒரே இடத்தில் அங்கேதான் தெரிகிறது. இலங்கையில் இணையவழிப் பயண அனுமதி 2012 ஜனவரியில் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம், சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து என்ற ஏழு நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். நல்லது நடந்தது, இந்தியாவிலிருந்து வருபவர்கள் கூடினார்கள்.

பிறகு 2024 ஏப்ரல் 17ஆம் திகதி, நாங்கள் எழுதிக் கொடுத்த விலை ஓடிக்கொண்டிருந்த வருடத்தின் நடுவில், முழு முறையையும் வெளிநாட்டுத் தனியார் கூட்டணி ஒன்றிடம் கொடுத்தார்கள். அதுவரை 50 டொலரில் முடிந்த வேலை சேவைக் கட்டணங்களோடு 100 டொலர் 77 சதமாகியது. ஏப்ரல் கடைசி வாரம் எங்களுக்கு ஜெர்மனியிலிருந்து 18 பேர் கொண்ட குழு, எல்லோரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வீசாவும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருந்தோம், முந்தின வருடமே. மேலதிகமாக 900 டொலருக்கு மேல் நாங்கள் போட்டோம். காசைப் போட்டதை விட, அந்த மனிதர்களுக்குத் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் எழுதி "தயவுசெய்து பதற்றப்படாதீர்கள்" என்று சொன்னதுதான் எனக்கு மனவேதனை. மே மாதத் தொடக்கத்தில் விமான நிலையத்தில் ஒருவர் கோபத்தில் சத்தம் போட்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது. சில நாட்களில் 30 நாள் வீசாக் கட்டணத்தை மறுபடி 50 டொலர் ஆக்கினார்கள், சேவைக் கட்டணம் அப்படியே இருந்தது. ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்தச் சொன்னது. பழைய முறை திரும்பியது செப்டெம்பர் இறுதியில். இதற்கிடையே, ஒக்டோபர் முதல் 35 நாட்டவருக்கு இலவச வீசா என்று இன்னோர் அறிவிப்பு. ஒக்டோபர் வந்தது, அது நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி "செப்டெம்பர் வேண்டாம், ஒக்டோபரில் வருகிறோம்" என்று திகதியைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்தார்கள்.

அந்த ஒரு வருடத்தில் அரசு எங்களுக்கு எத்தனை கோடி மானியம் தந்திருந்தாலும், இந்த ஆறு மாதக் குழப்பம் அதைத் தின்றிருக்கும்.

இன்னும் ஒரு விஷயத்தில் எனக்கு அரசோடு கருத்து வேறுபாடு உண்டு. வெற்றியைத் தலை எண்ணி அளக்கிறார்கள். 2024இல் வந்தவர்கள் 20 இலட்சத்து 53 ஆயிரம், வருமானம் 317 கோடி டொலர். 2018ஐ விடத் தலை 12 சதவீதம் குறைவு, வருமானமோ 28 சதவீதம் குறைவு. 2025இல் தலை எண்ணிக்கை 2018ஐயும் தாண்டி 23.6 இலட்சத்துக்குப் போனது, வருமானம் இன்னும் 2018ஐத் தொடவில்லை. ஆள் கூடுகிறது, ஒவ்வோர் ஆளும் விட்டுச்செல்லும் காசு குறைகிறது. எனவே உதவித் திட்டம் போடுபவர்கள் "எத்தனை பேர் வந்தார்கள்" என்று கேட்பதோடு நிற்காமல், "வந்தவர் எத்தனை இரவு தங்கினார், எந்த ஊரில் தங்கினார்" என்றும் கேட்க வேண்டும். எல்லவில் மூச்சு முட்டும் கூட்டம், மன்னாரில் ஆளில்லை. மன்னாருக்கு ஒரு நாள் கூடுதலாக அனுப்ப வைப்பதும் உதவிதான்.

அது உங்கள் ஊருக்கு என்னைக் கொண்டுவருகிறது. வடக்குக்கு அரசுகள் செய்த உதவிகளில் எனக்கு மிகவும் தெளிவாகத் தெரிவது போக்குவரத்துத்தான். பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11இலிருந்து சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பர் 12ஆம் திகதிதான் திரும்ப இறங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, ஒரு கிழமைக்குள் நின்று, 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி மறுபடி ஆரம்பித்தது. அந்தக் கப்பல் ஓடுவதற்கு இந்திய அரசு காங்கேசன்துறைப் பக்கச் செலவுக்காக வருடத்துக்கு 30 கோடி இலங்கை ரூபாவுக்கு மேல் தருவதாக ஒப்புக்கொண்டது, இலங்கையும் கப்பல் பயணிகளின் வெளியேறும் வரியைக் குறைத்தது. டிக்கெட் விலை எளிய மனிதருக்கு எட்டும்படி இருப்பதற்கு இந்த உதவி முக்கியக் காரணம். பெரிய ஹோட்டல் எதுவும் இதில் நேரடியாக ஒரு ரூபா பெறவில்லை. ஆனால் கப்பல் வரும் நாளில் காங்கேசன்துறையில் ஓட்டோக்காரருக்கு ஓட்டம் இருக்கிறது, சுன்னாகத்துச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் ஆள் இருக்கிறது. வாடைக் காலத்தில் கப்பல் நின்றால் அதுவும் நின்றுவிடும். எந்த மாதத்தில் நிற்கும், எந்த நாளில் தொடங்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொன்னால் நான் தமிழ்நாட்டுக் கோயில் குழுக்களுக்கு இன்றே விலை எழுதிக் கொடுப்பேன்.

இனி உங்கள் விடுதி. இறங்கலாம். ஆனால் அரசு உதவியை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வந்தால் மேலதிகம். முதல் வேலையாக அதிகார சபையில் பதிவு செய்யுங்கள். நல்ல காலத்தில் அது வெறும் கடுதாசி வேலை போலத் தோன்றும், கெட்ட காலத்தில் அந்தக் கடுதாசி இல்லாதவர் வரிசையில் நிற்கவே முடியாது. வீட்டு உறுதி, வங்கிக் கடன், தொழிற் பதிவு மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். நீர்கொழும்பு அண்ணனை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடன் எடுத்தால், எட்டு மாதம் ஒரு விருந்தினரும் வராவிட்டாலும் கட்டக்கூடிய தவணையாகப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததையும் சேர்த்தால், ஏழு வருடத்தில் இது நாட்டுக்கு விழுந்த நான்காவது அடி.

அப்புறம், உங்கள் முதல் விருந்தினர் வெள்ளைக்காரராக இருக்க மாட்டார். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நம்மவர்கள்தான். கணக்கில் அவர்களும் வெளிநாட்டுப் பயணிகளே. அரசு விளம்பரம் பார்த்து வருபவர்கள் அல்லர் அவர்கள். ஆடியிலும் ஆவணியிலும் உறவினர் வீட்டில் இடம் போதாமல் அறை தேடுவார்கள். குளியலறையில் சுடுதண்ணீர் வரட்டும், காலையில் பிட்டும் சம்பலும் கிடைக்கட்டும். கொடியேற்றத் திகதி வந்ததும் அறை விலையை எழுதிப் போடுங்கள், தேர் வரை அதை மாற்றாதீர்கள்.